மக்கள் ஆன்லைனில் அதிக நேரம் இருக்கிறார்கள், சரி. அதற்காக விளம்பரக் காசை மொத்தமாக அங்கேயே கொட்டலாமா?

#1 பின்சீட்

வணக்கம். அலுவலக நாற்காலி செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் விற்பனையைப் பார்த்துக்கொள்கிறேன். இதுவரை பெரும்பாலும் கண்காட்சி, அச்சு விளம்பரம், ஏற்கெனவே வாங்கியவர்கள் சொல்லி வருகிறவர்கள் என்று ஓடிக்கொண்டிருந்தது. இணையத்தில் பேருக்கு ஒரு தளமும் ஒரு பக்கமும் உண்டு.

போன வாரம் முதலாளி ஏதோ ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தார். வந்ததிலிருந்து ஒரே பேச்சு: “ஒரு மனுஷன் நாளைக்கு ஆறரை மணி நேரத்துக்கு மேல் இணையத்தில் இருக்கிறான். நாம் அவனை வேறெங்கோ தேடிக்கொண்டிருக்கிறோம். அடுத்த ஆண்டு பட்ஜெட் முழுக்க டிஜிட்டல்.”

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குள் ஏதோ இடிக்கிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. மக்கள் அங்கே இருக்கும் நேரம் கூடினால் நம் விளம்பரத்தின் பலனும் அதே அளவுக்குக் கூடுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 வெள்ளெலி

உங்கள் முதலாளி சொல்வது சரி. அவரை விட்டுவிடாதீர்கள், இப்படிப்பட்ட முதலாளி கிடைப்பது அபூர்வம்.

நான் ஒரு ஏஜென்சியில் இருக்கிறேன், அதனால் பாரபட்சமாகப் பேசுகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூவின் கணக்குப்படி 2024-இல் சுமார் 550 கோடிப் பேர் இணையத்தில் இருந்தார்கள். உலகில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். 2019-இல் இது பாதியைக் கொஞ்சம் தாண்டியிருந்தது, அவ்வளவுதான். 2016 அக்டோபரில், இணையப் பயன்பாட்டை அளக்கும் ஸ்டாட்கவுண்டர் கணக்கில், கைபேசி, டேப்லெட் வழியாக இணையம் பார்ப்பது முதன்முறையாகக் கணினியை முந்தியது. அந்தக் காலகட்டத்திலேயே உலக அளவில் டிஜிட்டல் விளம்பரச் செலவு தொலைக்காட்சியையும் தாண்டிவிட்டது.

கூட்டம் கூடுகிற இடத்தில்தான் கடை விரிக்க வேண்டும். இதில் என்ன இடிக்கிறது?

#3 எண்ணும்மை

எனக்கு இடிக்கிறது. வெள்ளெலி சொன்ன எண்களில் தவறில்லை. அவற்றிலிருந்து அவர் தாவுகிற தாவல்தான் பிரச்சினை.

ஒருவர் திரையில் இருக்கும் நேரம் இரண்டு மடங்கானால் அவர் கவனமும் இரண்டு மடங்காகிவிடாது. அதற்கு நாளொன்றுக்கு ஒரு எல்லை உண்டு. 1971-லேயே பொருளாதார அறிஞர் ஹெர்பர்ட் சைமன் இதைச் சொல்லிவிட்டார்: தகவல் பெருகினால் அது எதைத் தின்று வளர்கிறதோ அது குறையும், அது தின்பது பார்ப்பவர்களின் கவனத்தை. இணையம் நம் வீட்டுக்குள் வராத காலத்தில் சொன்னது.

அப்புறம் இன்னொரு பக்கம் இருக்கிறது. நேரம் கூடும்போது விளம்பரம் போடுவதற்கான இடமும் கூடிக்கொண்டே போகிறது. ஒரு பத்திரிகைக்கு இத்தனை பக்கம் என்று கணக்கு உண்டு. முடிவே இல்லாமல் ஸ்க்ரோல் ஆகும் பக்கத்துக்கு (2006 வாக்கில் ஏஸா ராஸ்கின் வடிவமைத்தது, பின்னாளில் அவரே அதற்காக வருத்தப்பட்டார்) அடிப்பக்கம் என்ற ஒன்றே கிடையாது. எத்தனை விளம்பரம் வேண்டுமானாலும் செருகலாம். நீங்களும் போடுவீர்கள், உங்கள் போட்டியாளரும் போடுவார், நாற்காலிக்குச் சம்பந்தமே இல்லாத ஆயிரம் பேரும் அதே கட்டைவிரலுக்காகக் காத்திருப்பார்கள்.

பழைய கதை ஒன்று. 1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்டு தளத்தில் ஏடி&டி நிறுவனத்தின் பேனர், அதாவது பக்கத்தில் பட்டையாக வரும் விளம்பரம், வந்தது. இணையத்தின் முதல் பேனர்களில் ஒன்று. பார்த்தவர்களில் 100-க்கு 44 பேர் அதைக் கிளிக் செய்ததாகச் சொல்வார்கள். இன்று பேனரைக் கிளிக் செய்கிறவர் 100-க்கு ஒருவர்கூட இல்லை. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் மக்கள் இணையத்தில் இருக்கும் நேரம் எத்தனை மடங்காகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

“பார்த்தார்கள்” என்று அறிக்கையில் வருகிறதே, அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? விளம்பரத் துறை வைத்திருக்கும் அளவுகோல்படி ஒரு பேனரின் பாதிப் பரப்பு ஒரு விநாடி திரையில் இருந்தால் போதும், அது பார்க்கத்தக்க விளம்பரம். வீடியோ என்றால் இரண்டு விநாடி. அந்த ஒரு விநாடியில் அவர் கண் எங்கே இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஒருமுறை உங்கள் கைபேசியில் மேலே தள்ளும்போது மனசுக்குள் “ஒன்று” என்று எண்ணிப்பாருங்கள். அதற்குள் எதைப் படித்தீர்கள்?

#4 வெள்ளெலி

எண்ணும்மை மேடம், நீங்கள் சொல்வதெல்லாம் என் கட்சிக்குத்தான் வலு சேர்க்கிறது. சும்மா போய் நின்றாலே பார்ப்பார்கள் என்ற காலம் போய்விட்டது, சரி. கவனம் கிடைப்பது அரிதாகிவிட்டதால்தானே மார்க்கெட்டிங் முன்னைவிட முக்கியமாகிறது?

அதோடு நீங்கள் பேசியது முழுக்க பேனரைப் பற்றி. தேடல் என்ற ஒன்றை அப்படியே விட்டுவிட்டீர்கள். “முதுகுவலிக்கு எந்த நாற்காலி நல்லது” என்று ஒருவர் தானாக வந்து தட்டச்சு செய்கிறார். அவர் கவனத்தை யாரும் பிடித்து இழுக்க வேண்டியதில்லை, அவரே கொண்டுவந்து கொடுக்கிறார். கூகுள் 2000 அக்டோபரில் ஆட்வேர்ட்ஸ் என்ற தன் தேடல் விளம்பரச் சேவையைத் தொடங்கியபோது இருந்தது 350 விளம்பரதாரர்கள். அது அந்த நிறுவனத்துக்கே சோறு போடும் தொழிலாக வளர்ந்ததற்குக் காரணம் இந்த ஒரு விஷயம்தான்: கேட்பவனுக்குக் கேட்ட நேரத்தில் பதில்.

2002-இல் இன்னொரு மாற்றம் வந்தது. கிளிக் விழுந்தால்தான் காசு. யார் அதிக ஏலம் கேட்டார் என்பதோடு, யாருடைய விளம்பரத்தை மக்கள் அதிகம் கிளிக் செய்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்து வரிசைப்படுத்தினார்கள். கேள்விக்குப் பொருத்தமான விளம்பரம் எழுதும் சின்ன நிறுவனம், பொத்தாம்பொதுவாக எழுதும் பெரிய நிறுவனத்தைவிடக் குறைந்த காசில் மேலே நிற்க வழி உண்டு. அச்சு விளம்பரத்தில் இது நடக்குமா? அங்கே முழுப்பக்கம் வாங்கியவன் முழுப்பக்கம்தான், கால்பக்கம் வாங்கியவன் கால்பக்கம்தான்.

#5 கடைசிப்பெஞ்சு

நான் நாற்காலி வாங்கி எட்டு மாதம் ஆகிறது. அதில் உட்கார்ந்துதான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னும் அதே நாற்காலியின் விளம்பரம் போகிற இடமெல்லாம் துரத்துகிறது. எனக்கு இரண்டு முதுகு என்று யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.

#6 நூல்கண்டு

தத்துவம் எல்லாம் எனக்கு வராது. கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

என் அக்கா மடிக்கணினி வைக்க ஒரு பை வாங்கினாள். தோள்பை. நாங்கள் ஒரே வீட்டில் இருந்ததால் முழு நாடகத்தையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். மொத்தம் 11 நாள்.

முதலில் ஏதோ ஒரு சின்ன வீடியோவில் ஒரு பெண் பையைத் திறந்து உள்ளே எத்தனை அறை என்று காட்டினாள். அது பை விளம்பரமே இல்லை. பயணத்துக்குத் துணி மடிப்பது எப்படி என்ற வீடியோ. அக்கா அந்த இடத்தில் நிறுத்தி, பையின் மேல் இருந்த பெயரைப் பெரிதாக்கிப் படித்தாள். அவ்வளவுதான், மூடிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெயரைத் தேடினாள். பாதி எழுத்துதான் நினைவிருந்தது. தேடல்தான் மீதியைச் சரிசெய்து கொடுத்தது. தளத்துக்குப் போனாள். அழகான படங்கள், எல்லாம் வெள்ளைப் பின்னணியில். அதில் அவளுக்கு வேண்டியது இல்லை. “15.6 அங்குல மடிக்கணினி நுழையுமா” என்பதுதான் அவள் கேள்வி. அதற்கு அங்கே பதில் இல்லை. வெளியே வந்து ரிவ்யூ படித்தாள். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களை அவள் சீண்டவே இல்லை. நேராக ஒரு நட்சத்திரத்துக்குப் போனாள். “ஜிப் ஆறு மாதத்தில் போய்விட்டது” என்று ஒருவர் எழுதியிருந்தார். அதன் கீழே நிறுவனத்திலிருந்து யாரோ, “ஜிப்பை மாற்றித் தருகிறோம், பையை அனுப்புங்கள்” என்று பதில் போட்டு, அந்த ஆளும் “மாற்றித் தந்தார்கள்” என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததும் அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். கோடி ரூபாய் விளம்பரத்திலும் அந்த முகமாற்றம் வராது.

அப்புறம் வாட்ஸ்அப்பில் தன் அலுவலகத் தோழிகள் குழுவில் கேட்டாள். ஒருத்தி வைத்திருந்தாள். நுழையும், கொஞ்சம் இறுக்கமாக இருக்கும் என்றாள்.

இடைப்பட்ட நாளெல்லாம் அந்தப் பையின் விளம்பரம் அவளைத் துரத்திக்கொண்டுதான் இருந்தது. பதினோராம் நாள் இரவு, படுக்கையில், அப்படி வந்த ஒரு விளம்பரத்தைத் தொட்டு வாங்கிவிட்டாள். ஏன் அதைத் தொட்டாய் என்று கேட்டேன். “தளத்தின் பெயரைத் திரும்பத் தட்டச் சோம்பலாக இருந்தது, இது கையெட்டும் தூரத்தில் இருந்தது” என்றாள்.

இப்போது அந்த நிறுவனத்தின் டேஷ்போர்டில், அதாவது விளம்பரக் கணக்கு காட்டும் திரையில், என்ன எழுதியிருக்கும்? “துரத்திய விளம்பரத்தால் ஒரு விற்பனை.” ஜிப்புக்குப் பதில் போட்ட அந்தப் புண்ணியவானுக்கு ஒரு வரிகூட இருக்காது. துணி மடித்த பெண்ணுக்கும் இருக்காது.

#7 எண்ணும்மை

நூல்கண்டு, இதைத்தான் நான் எத்தனையோ கூட்டங்களில் படம் போட்டு விளக்கப் பார்த்துத் தோற்றிருக்கிறேன். உங்கள் அக்காவுக்கு நன்றி.

கடைசியாகத் தொட்ட இடத்துக்கே மொத்தப் புகழையும் கொடுப்பது இந்தத் துறையின் பழைய நோய். தேர் நிலைக்கு வந்து சேரும்போது கடைசியாக வடத்தில் கை வைத்தவன் “நான்தான் இழுத்தேன்” என்று சொல்கிற மாதிரி.

இதைச் சோதித்துப் பார்த்தவர்களில் எனக்குப் பிடித்தது இணையச் சந்தையான ஈபே. 2012-இல் ஈபே தன் பெயரைத் தேடுகிறவர்களுக்குக் காட்டி வந்த தேடல் விளம்பரங்களைச் சில தேடல் தளங்களில் நிறுத்திப் பார்த்தது. “ஈபே” என்று தட்டியவர்கள் விளம்பரம் இல்லாவிட்டால் என்ன செய்தார்கள்? அதற்கு நேர் கீழே இருந்த சாதாரண இணைப்பைத் தொட்டு ஈபேக்கே வந்தார்கள். கிட்டத்தட்ட எல்லோருமே. அதாவது தன் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறவனுக்கு வழி காட்ட வாசலில் ஆள் நிறுத்திக் காசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஆய்வு 2015-இல் எகனாமெட்ரிகா என்ற பொருளாதார ஆய்விதழில் வெளிவந்தது.

2017-இல் சோப்பு, ஷாம்பு விற்கும் பி&ஜி டிஜிட்டல் விளம்பரத்தில் சுமார் 20 கோடி டாலரை வெட்டியது. விற்பனை சரியவில்லை. அவர்கள் பார்த்த தரவின்படி கைபேசியில் ஒரு விளம்பரத்தைச் சராசரியாகப் பார்க்கும் நேரம் 2 விநாடிக்கும் குறைவு.

அளந்து கொடுப்பவர்களையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஃபேஸ்புக் 2016-இல் ஒரு தவறை ஒப்புக்கொண்டது. வீடியோவைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று கணக்கிடும்போது 3 விநாடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டிருந்தார்கள். சராசரி 60 முதல் 80 சதவீதம் வரை வீங்கியிருந்தது, அதுவும் இரண்டு ஆண்டுகள்.

பின்சீட், உங்கள் முதலாளி சொன்ன ஆறரை மணி நேரத்தை இந்த இரண்டு விநாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

#8 பழுத்தஇலை

முப்பது ஆண்டுக்கு மேல் விளம்பரத் தொழிலில் இருந்தவன். அச்சில் தொடங்கி எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

முதலாவது, ஈபே கதையைப் பாதியில் நிறுத்தக் கூடாது அம்மா. அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறது. ஈபேயைப் புதிதாக அறிகிறவர்கள், எப்போதாவது வருகிறவர்கள் ஆகியோரிடம் தேடல் விளம்பரம் வேலை செய்தது. அடிக்கடி வாங்குகிறவர்களிடம்தான் பலன் இல்லை. விளம்பரச் செலவில் பெரும்பகுதி அவர்களுக்கே போய்க்கொண்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. ஈபே ஊருக்கெல்லாம் தெரிந்த பெயர். பின்சீட் தம்பியின் நாற்காலி அப்படியா? பெயரே தெரியாதவன் “விளம்பரம் வீண்” என்ற பாடத்தை ஈபேயிடமிருந்து கற்றால் அப்புறம் தெரியாதவனாகவே இருக்க வேண்டியதுதான்.

இரண்டாவது என் சொந்தக் கதை. தொழிலை விட்ட பிறகு மகளோடு சேர்ந்து கையால் கட்டிய குறிப்பேடுகள் விற்றேன். ஒரு சமூக வலைத்தளத்தில் பக்கம் திறந்து நான்கு ஆண்டு பாடுபட்டோம். அன்றாடம் ஒரு படம். கேள்விக்கெல்லாம் பதில். ஆர்டர் எல்லாம் அங்கேயே. ஒரு நாள் காலை உள்ளே போனால் கணக்கு முடக்கப்பட்டது என்று வருகிறது. காரணம், “விதிமீறல்”. எந்த விதி என்று இன்று வரை தெரியாது. முறையீட்டுப் படிவம் நிரப்பினோம், தானியங்கிப் பதில் வந்தது. மறுபடி நிரப்பினோம், அதே பதில், அதே எழுத்துப் பிழையோடு. நான்கு ஆண்டில் சேர்த்த ஒருத்தரின் தொடர்பும் எங்கள் கையில் இல்லை. மகள் அன்று குறிப்பேட்டு அட்டைகளை வெட்டிக்கொண்டே இருந்தாள், நிறுத்தவே இல்லை, மதியம் வரை. எதற்கு என்று நானும் கேட்கவில்லை.

அப்புறம்தான் வாங்கியவர்களின் மின்னஞ்சலைக் கேட்டு வாங்கிச் சேர்க்கத் தொடங்கினோம். மெதுவாகத்தான் சேர்ந்தது. ஆனால் அந்தப் பட்டியல் எங்களுடையது. அடுத்தவன் நிலத்தில் எத்தனை அழகாகப் பந்தல் போட்டாலும் அவன் நினைத்தால் காலைப் பிடுங்கிவிடலாம். மக்கள் அங்கே ஆறு மணி நேரம் இருக்கிறார்கள் என்று சந்தோஷப்படும்போது அந்த ஆறு மணி நேரம் யாருடைய நிலத்தில் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

#9 வெள்ளெலி

ஐயா, உங்கள் கதையைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். என் வாடிக்கையாளர்களிடம் மின்னஞ்சல் பட்டியல் சேர்க்கச் சொன்னால் “அதெல்லாம் பழைய காலம்” என்பார்கள். நானும் வற்புறுத்த மாட்டேன். உண்மையைச் சொன்னால், அதில் ஏஜென்சிக்கு வருமானம் குறைவு.

ஒரு எச்சரிக்கை மட்டும்: பட்டியல் வைத்திருந்தாலும் “இத்தனை பேர் திறந்து படித்தார்கள்” என்ற எண்ணை நம்பாதீர்கள். 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மின்னஞ்சல் செயலியில் தனியுரிமைப் பாதுகாப்பைக் கொண்டுவந்ததிலிருந்து, படிக்காத மின்னஞ்சலும் திறந்ததாகக் கணக்கில் வரும். கிளிக்கையும் ஆர்டரையும் பாருங்கள்.

அதே ஆண்டு ஏப்ரலில் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 14.5 வந்தபோது செயலிகள் மற்ற நிறுவனங்களின் செயலிகளிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடர வேண்டுமானால் உங்களிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றானது. நிறையப் பேர் வேண்டாம் என்றார்கள். அதனால் 2022-இல் தங்களுக்குச் சுமார் 1000 கோடி டாலர் இழப்பு வரும் என்று ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவே சொன்னது. எங்கள் மாதிரி ஆட்களுக்கு அன்று ஒரு கண் போனது போலத்தான். முன்பு எந்த விளம்பரம் எந்த ஆர்டரைக் கொண்டுவந்தது என்று விரலால் தொட்டுக் காட்டுவோம். இப்போது டேஷ்போர்டில் பாதி எண் மதிப்பீடு.

#10 ஒற்றைச்சாளரம்

எல்லோரும் மக்களின் நேரம் ஏதோ மழை மாதிரி வானத்திலிருந்து விழுகிற பொருள் போலப் பேசுகிறீர்கள். யூடியூப் 2012-இல் எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்பதை விட்டுவிட்டு எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதைப் பரிந்துரைக்கு அடிப்படையாக்கியது. அதற்குப் பிறகு எல்லாத் தளங்களும் அந்த வழியில்தான். நேரம் தானாகக் கூடவில்லை. கூட்டினார்கள். யாருடைய காசில்? விளம்பரம் போடுகிற உங்கள் காசில். என் பையனுக்கு வயது 13. சாப்பிடும்போதுகூடக் கையிலிருந்து இறக்குவதில்லை. அவன் இழக்கிற நேரம்தான் உங்கள் அறிக்கையில் “வாய்ப்பு” என்று வருகிறது.

#11 வெள்ளெலி

நாங்கள் யாரும் உங்கள் பையன் கையில் திணிக்கவில்லையே? விளம்பரம் இல்லாவிட்டால் தேடல், வரைபடம், மின்னஞ்சல் எல்லாம் இலவசமாகக் கிடைக்குமா?

#12 ஒற்றைச்சாளரம்

இலவசம் என்று யார் சொன்னது? அவன் தூக்கத்தில் கட்டிக்கொண்டிருக்கிறான்.

#13 பழுத்தஇலை

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். சாளரம் சொல்வதில் நியாயம் உண்டு, அது வேறு ஒரு தலைப்பில் பேச வேண்டிய பெரிய விஷயம். ஆனால் அதிலிருந்து விளம்பரம் போடுகிறவன் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இங்கேயே இருக்கிறது. பிடித்து உட்காரவைக்கப்பட்டவனும் விரும்பி உட்கார்ந்தவனும் ஒரே மாதிரி கேட்க மாட்டார்கள். தூக்கக் கலக்கத்தோடு ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருப்பவனின் ஒரு மணி நேரத்தைவிட, முதுகு வலித்துப் போய் “நாற்காலி உயரம் எவ்வளவு இருக்க வேண்டும்” என்று தேடுகிறவனின் நான்கு நிமிடம் பின்சீட்டுக்குப் பெரிது. நேரத்தை நிறுத்து வாங்காதீர்கள், முகர்ந்து பார்த்து வாங்குங்கள்.

#14 பின்சீட்

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை.

எண்ணும்மை, உங்களிடம் ஒரு கேள்வி. எங்கள் மாதிரி சின்ன இடத்தில் ஈபே செய்தது போலச் சோதனை செய்ய முடியுமா? எங்களிடம் தரவு ஆய்வாளர் எல்லாம் இல்லை. நானும் ஒரு எக்செல் கோப்பும்தான்.

#15 எண்ணும்மை

முடியும். பெரிய கருவி எதுவும் வேண்டாம். நீங்கள் பொருள் அனுப்பும் பகுதிகளை ஏறக்குறைய ஒரே அளவு விற்பனை உள்ள இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் விளம்பரம் ஓடட்டும், மற்றதில் நிறுத்துங்கள். விளம்பரத் தளங்கள் பெரும்பாலானவற்றில் பகுதி வாரியாக நிறுத்தும் வசதி உண்டு. டேஷ்போர்டை மூடிவிட்டு, இரண்டு பக்கத்திலும் மொத்த ஆர்டர் எத்தனை என்று மட்டும் பாருங்கள். ஒரு வாரத்தில் முடிவு சொல்லாதீர்கள். நாற்காலி யோசித்து வாங்குகிற பொருள், நூல்கண்டின் அக்கா ஒரு பைக்கே 11 நாள் எடுத்துக்கொண்டாள்.

பிராண்டுப் பெயர் பரவுவதற்கான விளம்பரத்தை இப்படி இரண்டு மாதத்தில் அளக்க முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். பினே, ஃபீல்டு என்ற இருவர் நூற்றுக்கணக்கான விளம்பர முயற்சிகளை ஆராய்ந்து 2013-இல் ஒரு கணக்குச் சொன்னார்கள்: சுமார் 60 பங்கு நீண்ட காலப் பெயருக்கு, 40 பங்கு உடனடி விற்பனைக்கு. நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும், வேதவாக்கு இல்லை. ஆனால் உடனே அளக்க முடிகிறது என்பதற்காக 100 பங்கையும் உடனடிப் பக்கத்தில் போடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

இன்னொன்று. சோதனைக்கு முன்னால் தொலைபேசியை எடுங்கள். கடைசியாக வாங்கியவர்களில் 20 பேரை அழைத்து, எப்படி வந்தீர்கள் என்று கேளுங்கள். வாங்காமல் போனவர்களையும் கேட்க முடிந்தால் இன்னும் நல்லது.

#16 பின்சீட் (ஐந்து வாரம் கழித்து)

இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். சொன்னதைச் செய்து பார்த்தேன், அதைச் சொல்லாமல் போவது முறையில்லை.

பகுதி பிரித்த சோதனை இன்னும் ஓடுகிறது. இதுவரை தெரிவது: எங்கள் பெயரைத் தேடுகிறவர்களுக்கான விளம்பரத்தை நிறுத்திய பகுதிகளில் ஒன்றும் ஆகவில்லை. “முதுகுவலி நாற்காலி” வகைத் தேடல் விளம்பரத்தை நிறுத்திய இடத்தில் விசாரிப்புகள் குறைந்திருக்கின்றன. எண்ணிக்கை சிறியது என்பதால் எண்ணும்மை சொல்லும்வரை துள்ள மாட்டேன்.

ஆனால் நான் எழுத வந்தது தொலைபேசி விஷயம். வாங்கியவர்களை அழைத்தேன். பெரும்பாலோர் யாரோ சொல்லிக் கேட்டு, பிறகு இணையத்தில் எங்களைச் சரிபார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். நாங்கள் “சிபாரிசு” என்று கணக்கு எழுதியவர்கள் எல்லாம் நடுவில் எங்கள் தளத்துக்கு வந்து போனவர்கள். இது எனக்குத் தெரியவே தெரியாது.

பிறகு எங்கள் பக்கத்துக்கு வந்த பழைய செய்திகளை ஆறு மாதத்துக்குப் பின்னோக்கிப் படித்தேன். அங்கேதான் தலையில் அடித்துக்கொண்டேன். கேள்விகளில் பாதிக்கு மேல் இரவு பத்து மணிக்குப் பிறகு வந்தவை. “குள்ளமானவர்களுக்குக் கால் தரையில் படுமா?” “கைப்பிடியைக் கழற்ற முடியுமா?” “சக்கரம் தரையைக் கீறுமா?” நாங்கள் மறுநாள் காலை பத்து, பத்தரைக்குப் பதில் போட்டிருக்கிறோம், நிறைய இடங்களில் “விவரங்களுக்கு எங்களை அழைக்கவும்” என்று. அப்படிக் கேட்டு வாங்காமல் போனவர்களில் ஒன்பது பேரை அழைத்துப் பேசினேன். நான்கு பேர் அன்று இரவே வேறு நாற்காலியை ஆர்டர் செய்திருந்தார்கள். ஒருவர் சொன்னது: “அவர்கள் பக்கத்தில் உயரம் எழுதியிருந்தது. உங்கள் பக்கத்தில் இல்லை.”

முதலாளி சொன்ன ஆறரை மணி நேரம் பொய் இல்லை. ஆனால் அதில் எங்களுக்கு வேண்டிய நேரம் இரவு பத்திலிருந்து பன்னிரண்டு வரை, அப்போது நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தோம். விளம்பரத்தைக் கூட்டியிருந்தால் சாத்திய கதவைத் தட்ட இன்னும் நிறையப் பேரைக் காசு கொடுத்து அழைத்து வந்திருப்போம்.

இப்போது செய்திருப்பது: ஒவ்வொரு நாற்காலிக்கும் இருக்கையின் குறைந்த உயரம், அதிக உயரம், எந்த உயர ஆளுக்குப் பொருந்தும் என்ற அட்டவணை. சக்கரம் மாற்றுவது எப்படி என்று பட்டறையில் ஒருவர் செய்து காட்டும் ஒன்றரை நிமிட வீடியோ, பின்னணி இசை இல்லாமல். இரவுப் பதிலுக்கு நானும் இன்னொருவரும் மாற்றி மாற்றி. மின்னஞ்சல் பட்டியலும் தொடங்கியாயிற்று, பழுத்தஇலை ஐயா, இன்றைக்கு 61 பேர்.

கண்காட்சியை நிறுத்தவில்லை. அங்கே உட்கார்ந்து பார்க்கிறவர்கள்தான் பிற்பாடு இணையத்தில் எங்களைத் தேடுகிறார்கள். முதலாளிக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆறரை மணி நேர ஸ்லைடை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறார்.

#17 வெள்ளெலி

அந்தக் கேள்விகளையே அப்படியே விளம்பர வரிகளாகப் போட்டுப்பாருங்கள். “கால் தரையில் படுமா?” என்பதைவிட நல்ல தலைப்பு என்னால் எழுத முடியாது. இதற்குக் கட்டணம் இல்லை.

#18 கடைசிப்பெஞ்சு

நான் 5 அடி 1 அங்குலம். என்னைத் துரத்திக்கொண்டிருக்கிற நாற்காலியில் எட்டு மாதமாகக் கால் தொங்கிக்கொண்டிருக்கிறது. உங்களுடையதில் குறைந்த உயரம் எவ்வளவு?

#19 பின்சீட்

சின்ன மாடலில் 39 செ.மீ. முழங்காலுக்குப் பின்பக்க மடிப்பிலிருந்து தரை வரை, செருப்போடு அளந்து சொல்லுங்கள். அது 39-க்குக் குறைவாக இருந்தால் வாங்காதீர்கள், ஒரு கால்மனை போதும்.